தாத்தா வீட்டை இடித்தபோது தெரியாமல் போனவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மாசிவீதிக்காரன்:

சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து, போன வைகாசியில் எங்கள் தாத்தா வீட்டை இடித்தோம். மதுரையில் வடக்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். ஜேசிபிக்கு வழியே இல்லை, கடப்பாரையும் சம்மட்டியும்தான். வீடு இடிப்பது பற்றி எனக்கு இருந்த ஒரே கவலை, சுவர் யார் மேலாவது விழுந்துவிடக் கூடாது என்பது. சுவரெல்லாம் ஒழுங்காகத்தான் இறங்கியது. நான் கோட்டைவிட்டது வேறு இடத்தில்.

கீழே சுண்ணாம்புக் காரைச் சுவர். மேலே தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். மொட்டை மாடியில் எண்பதுகளில் அப்பா போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, பதினெட்டு ஷீட். பழைய சாமான் எடுப்பவர் வந்து பார்த்தார். உத்தரத்தை நகத்தால் கீறினார், நிலைக்கதவைத் தட்டினார், மனக்கணக்குப் போட்டார். தேக்குக்கு இவ்வளவு, ஜன்னல் கம்பிக்கு இவ்வளவு, செங்கல் அவருக்கு, ரப்பிஷ் அள்ளுவது அவர் பாடு. ஷீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் நாள் ஆறரைக்கே ஆட்கள் மாடி ஏறிவிட்டார்கள். ஷீட்டைப் பிடித்திருந்த ஜே போல்ட்டெல்லாம் துருவேறி ஸ்பானருக்கு அசையவில்லை. இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் சுத்தியலை எடுத்து, போல்ட்டைச் சுற்றி ஷீட்டையே உடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு அடிக்கும் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூள் கிளம்பியது. உடைந்த விளிம்பைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பிய்ந்த துணி ஓரம் போல வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன, தலைமுடியைவிட மெல்லிசாக. வெயில் பட்டதும் மினுங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழே விழுந்த தூளைச் சித்தாள் ஒருவர் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி.

அந்தக் காட்சியை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், "தாத்தா வீடு போகுது" என்று. அஞ்சு நிமிஷத்தில் துபாயில் சேஃப்டி வேலை பார்க்கும் அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, முதல்ல வேலைய நிறுத்துங்க. எல்லாரையும் கீழ இறங்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

அவன் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். முழுசாகக் கூரையில் கிடக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உடைத்தால், அறுத்தால், ஓட்டை போட்டால், காய்ந்த தூளைக் கூட்டினால் நார் காற்றில் ஏறும். நாம் கண்ணால் பார்க்கும் தூசி பரவாயில்லை, பார்க்க முடியாததுதான் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கிவிடும். புற்றுநோய் வருவதானால் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். அந்தப் பையனுக்கு அம்பது வயசில் மூச்சு முட்டினால் எங்கள் மொட்டை மாடி யார் நினைவுக்கு வரப்போகிறது? எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் ரஷ்யா முதலிய இடங்களிலிருந்து நாரை இறக்குமதி செய்து இன்னும் ஷீட் போடுகிறார்கள். கடையில் கிடைப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை.

அப்புறம் வேலை மாறியது. சின்டெக்ஸிலிருந்து ஹோஸ் போட்டு, கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து, ஷீட்டை மேலும் கீழும் நனைத்தோம். சோப்பு இருந்தால்தான் தண்ணீர் வழிந்தோடாமல் ஊறுமாம். ஷீட்டைத் தொடாமல் போல்ட் கட்டரால் போல்ட்டை மட்டும் வெட்டினோம். ஷீட் மேல் யாரும் நேராகக் கால் வைக்கவில்லை, பலகை போட்டு நடந்தார்கள். (ஷீட் உடைந்து உள்ளே விழுந்து செத்தவர்கள் கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.) ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துக் கயிற்றில் இறக்கி, கனமான பாலிதீனில் இரட்டையாகச் சுற்றி டேப் ஒட்டினோம். கூட்டுவதை நிறுத்தி ஈரத் துணியால் துடைத்து, துணியையும் அதே மூட்டையில் போட்டுக் கட்டினோம். வீட்டுக்குப் போகுமுன் எல்லாரும் குளித்து உடை மாற்ற வேண்டும் என்றதும் சிரித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களின் சட்டையைத் துவைத்தே நோய் வாங்கிய மனைவிமார் உண்டு என்றதும் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை போய் எண்ணினால், முழுசாக இறங்கிய பதினொன்றில் நாலு ஷீட்டைக் காணோம். பழைய சாமான் எடுப்பவரைக் கேட்டால், "நல்ல ஷீட்டுண்ணே, வீணாக்கலாமா? அலங்காநல்லூர்ப் பக்கம் மச்சான் ஆட்டுக்கொட்டகைக்குக் கேட்டாரு, டாட்டா ஏஸ்ல ஏத்தி விட்டேன்." அவர்மேல் தப்பு சொல்ல முடியவில்லை. இங்கே எதைத்தான் தூக்கிப் போடுகிறோம்? ஒரு வீட்டை இடித்தால் அதன் கதவு ஒரு வீட்டுக்கு, செங்கல் ஒரு வீட்டுக்கு, ஓடு ஒரு தோட்டத்துக்கு. நல்ல பழக்கம்தான். விஷமும் அதே வண்டியில் ஏறிப் போகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஹார்விபட்டி அக்கா:

கதவு ஒரு வீட்டுக்கு என்றீர்கள், எங்கள் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இடித்த வீட்டுத் தேக்கு ஜன்னல் நாலு, கீழவாசல் பக்கம் பழைய மரக்கடையில் வாங்கினோம். பச்சை மேல் நீலம், நீலம் மேல் காக்காப் பொன் மாதிரி ஒரு பழுப்பு, அஞ்சாறு பூச்சு இருக்கும். ஆசாரி ப்ளோ லேம்ப் வைத்து வாட்டிச் சுரண்டினார், மீதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வேலை நடந்தது எங்கள் வராந்தாவில். இரண்டு வயசுப் பேத்தி அங்கேயே தவழ்ந்து கொண்டிருந்தாள்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஆயில் பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தீயில் வாட்டினால் புகையில் வரும், காயத் தேய்த்தால் தூசியில் வரும், சின்னப் பிள்ளைகள் தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேத்திக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், பயப்படும் அளவுக்கு இல்லை என்றார்கள். மீதி இரண்டு ஜன்னலைக் கொல்லையில் வைத்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, வழிந்த குழம்பைப் பழைய பெயின்ட் டப்பாவில் அடைத்தோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் கடையில் தேறாத துண்டு மரத்தையெல்லாம் விறகாகக் கொடுத்துவிடுகிறார்கள். என் மாமியார் வெந்நீர் அடுப்புக்கு அதைத்தான் மூட்டையாக வாங்குவார், பெயிண்ட் அடித்தது நன்றாக எரியுமாம். அந்தச் சாம்பலில்தான் வெண்கலப் பானை தேய்ப்பார். மரம் எரிந்து போகும், ஈயம் சாம்பலில் அப்படியே நிற்கும். சொன்னபோது, "எங்க காலத்துல இப்படியா பார்த்தோம்" என்றார். ஆனால் அடுத்த வாரம் பாத்திரம் தேய்க்கப் புளிதான் எடுத்தார்.

பழைய சாமான்:

மேலே எழுதியவருக்கு ஒரு வணக்கம். நான் பழைய கட்டடம் எடுப்பவர் மகன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். தண்ணீர் அடிக்க வேண்டும், மாஸ்க் கொடுக்க வேண்டும், எல்லாம் சரி. பேரம் பேசும்போது உங்களில் யாராவது "தண்ணி லாரிக்கு இவ்வளவு வச்சுக்கங்க" என்று சொன்னதுண்டா? "இன்னொருத்தர் பத்தாயிரம் கூடத் தாரேங்கிறாரு" என்றுதான் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்தாயிரத்தை நாங்கள் எங்கேயிருந்து எடுப்போம்? வேலையை இரண்டு நாள் முன்னால் முடித்துத்தான். இரண்டு நாள் முன்னால் முடிக்க ஒரே வழி, சுவரை மேலிருந்து இறக்காமல் அடியில் பறித்துச் சாய்ப்பது. ஆள் சாவது அதில்தான்.

கட்டினதற்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும் என்பார் அப்பா. முதலில் கைப்பிடிச் சுவர், அப்புறம் தளம், அப்புறம் கட்டை, கடைசியாகச் சுவர். இடித்த செங்கலை மாடியிலேயே குவிக்க விடமாட்டார், அன்றன்றைக்கு இறக்கியாக வேண்டும். காரைத் தளத்தில் கட்டையின் நடுப்பாகம் இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் புதைந்த முனை மட்டும் கரையான் தின்று தூளாகி இருக்கும். வெளியே தெரியாது. ஒவ்வொரு முனையையும் உளியால் குத்திப் பார்த்த பிறகுதான் ஆளை மேலே ஏற்றுவார்.

இவ்வளவு தெரிந்தவர் தூசியை மட்டும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. நாற்பது வருஷம் தலையில் கட்டிய துண்டைத்தான் மூக்கில் கட்டினார். இருமல் வந்தது. டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை முழுங்கினார், இருமல் போகவில்லை. வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் படத்தைப் பார்க்கும் முன்னாலேயே, "ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. செங்கல், கருங்கல், கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கல்லாக்கிவிட்டதாம். சரிப்படுத்த மருந்து இல்லை, இனித் தூசி பக்கமே போகாமல் இருந்தால் மோசமாவதைக் குறைக்கப் பார்க்கலாம் என்றார்.

இப்போது என் ஆட்களுக்கு செங்கல் தூசிக்கு என்-95 கொடுக்கிறேன். ஷீட் வேலைக்கு அது போதாது, முகத்தில் அழுந்தப் பிடிக்கும் பி-100 ஃபில்டர் மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் பிடிக்காது. வெயில் ஏறினால் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள் என்பதால் தூசி வேலையைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடிக்கிறேன். அந்த ஆட்டுக்கொட்டகை மச்சான் மாதிரி எனக்கும் நாலு பேர் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

உசிலைக்காரி:

எங்கள் ஊர்ப் பக்கம் ஷீட்டைவிடப் பரண்தான் பயம். அம்மாச்சி வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு பால்பவுடர் டின். உள்ளே வெளுத்த தூள், பாதி கட்டியாக இருந்தது. கோலமாவு என்று நினைத்துச் சித்தி வாசலுக்கு எடுத்துப் போய்விட்டார். எனக்கு அந்தப் பூஞ்சை வாடைதான் காட்டிக் கொடுத்தது. சின்ன வயசில் நெல் மூட்டை அடுக்கிய அறையில் அடிக்குமே, அதே வாடை. பி.எச்.சி. பவுடர், அந்தக் காலப் பூச்சிமருந்து. 1997-இலேயே தடை செய்தாகிவிட்டது. பக்கத்திலேயே மூடி துருப்பிடித்த எண்ட்ரின் பூச்சிமருந்து பாட்டிலும் இருந்தது, அது தடையானது 1990-இல். அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோகும், எந்தெந்த வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எரிச்சிடுங்கம்மா" என்றார்கள். எரிக்கவே கூடாது. கிணற்றுப் பக்கம் புதைக்கவும் கூடாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. கையுறை போட்டு, டின்னோடு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் அடைத்து, "விஷம்" என்று எழுதிப் பூட்டிய அறையில் வைத்திருக்கிறோம். பிரிக்கும் முன் பரணை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தேளும் இருக்கும்.

செல்லூர்:

எங்களுக்குப் பொதுச்சுவர்ப் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரர் இடித்ததில் எங்கள் உத்தரத்தின் முனை வெளியே தெரிந்தது. சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் அன்று தூங்கினோம். அவர் வீட்டு மீட்டரைக் கழற்றியாயிற்று, கரண்ட் இல்லை என்று நம்பிச் சுவரைக் கொத்தியவருக்கு ஷாக் அடித்தது. அந்தச் சுவருக்குள் ஓடியது எங்கள் வீட்டு ஒயர். இரண்டு வீட்டு மெயினையும் அணைத்துவிட்டுத்தான் பொதுச்சுவரைத் தொட வேண்டும். பழைய கட்டடத்துச் சுவரை நம்பவே கூடாது. 2020 தீபாவளியன்று நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் பழைய கட்டடம் சரிந்துதான் இறந்தார்கள்.

மல்லிமொட்டு:

ஷீட் இல்லை, தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் மழைத்தண்ணீர் இறங்கும் பைப்பையும் கக்கூஸ் காற்றுப் பைப்பையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சிமெண்ட் மாதிரி இருந்தால் அது ஏ.சி. பைப். அந்த ஏ.சி. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். எங்கள் ப்ளம்பர் அதைக் கிரைண்டரில் அறுத்தார், நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன்.

சரி, ஒரு சந்தேகம். சுற்றிக் கட்டிய ஷீட்டைக் கடைசியில் என்னதான் செய்தீர்கள்?

மாசிவீதிக்காரன்:

கேட்பீர்கள் என்று தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கழிவு அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. ரப்பிஷோடு கலந்து கண்மாய்க் கரையில் கொட்டுவது சரியில்லை. அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் ஒன்று சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆலைகள் லாரி லாரியாக அனுப்பும் இடம் அது, ஏழு ஷீட்டும் நாலு மூட்டையும் வைத்திருப்பவன் அங்கே போய் எப்படி நிற்பது? ஆட்டுக்கொட்டகைக்குப் போன நாலையும் கேட்டுப் பார்த்தேன். ஏற்றியாகிவிட்டது, ஓட்டை போட்டு போல்ட் முடுக்கியும் ஆயிற்று. இனிப் பிரித்தால்தான் தூள் கிளம்பும், அப்படியே இருக்கட்டும், அறுக்காதீர்கள், உடைந்தால் நனைத்துவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாஸ்க் இரண்டு கொடுத்தேன். ஆணியில் மாட்டி வைத்தார்.

மீதி ஏழும் மூட்டைகளும் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டுக் காம்பவுண்டு ஓரம், தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன. போன வாரம் எதிர்வீட்டுத் தாத்தா வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சும்மாதானப்பா கிடக்கு, கோழிக்கூண்டுக்கு ஒண்ணு குடேன்" என்றார்.