ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையில் மூன்று வாரம் வேலை பழக இடம் கிடைக்குமா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். ஆகஸ்டில் பழங்கட்டடப் பாதுகாப்புப் படிப்பில் சேரும் இரண்டு பிள்ளைகளுக்கு, சம்பளமே இல்லாமல் வேலை பழக ஒரு பட்டறை வேண்டும். ஜூலையில் மூன்று வாரம் போதும்.

சும்மா வருகிறோம் என்றாலும் பட்டறைக்காரர்கள் தயங்குகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. சொல்லிக்கொடுக்கும் நேரம் அவர்களுக்கு நட்டம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அதற்குள் சாயம் ஊற்றித்தான் பூ போடுவார்கள்; பழகாத கை அச்சைச் சாய்த்துத் தூக்கினால் சாயங்கள் கலந்து பூவின் ஓரம் கலங்கிவிடும். கண்ணாடியில் பிசுக்கு இருந்தால் அப்படியே கல்லின் முகத்தில் பதியும். சூளை கிடையாது, பளபளப்பே அந்தக் கண்ணாடி தருவதுதானே!

அதனால் முதல் வாரம் அச்சைத் தொட மாட்டார்கள். கண்ணாடி துடைப்பது, மணல் சலிப்பது, தொட்டித் தண்ணீரில் கல் அடுக்குவது மட்டும். இரண்டாம் வாரம் சாயத்தின் மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவலாம். அச்சு கடைசி வாரத்தில்தான், அதுவும் வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற கற்களில். உடையும் கண்ணாடிக்கும் வீணாகும் சிமெண்டுக்கும் பணம் கொடுத்துவிடுவார்கள்.

சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் அரைமணி நேரம் இதற்கு உதவாது. எந்த நாளில் என்ன வேலை செய்தார்கள் என்று முதலாளி கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும்.

பட்டறை அமையாவிட்டால், பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை எடுத்திருக்கும் கொத்தனாரிடம் சிற்றாளாக நின்றாலும் சரி. யாரை, எந்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள் அண்ணே, ஆச்சி.