கூலிங் டவர் ஃபேன்: எந்த சிக்னல் கண்டிஷனர் வாங்கலாம்?

கேள்வி: மில்லில் கூலிங் டவர் கியர்பாக்ஸில் 100 மில்லிவோல்ட்/ஜி ஐஇபிஇ (உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள) அதிர்வு சென்சார் மாட்டியிருக்கிறேன். ஃபேன் 180 ஆர்பிஎம், கேபிள் 60 மீட்டர். ஸ்பெக்ட்ரத்தில் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடத்தில்) 50 ஹெர்ட்ஸ்தான் உயரமாக நிற்கிறது, ஃபேன் வேகம் தெரியவே இல்லை. சார்ஜ் ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்கிறார்கள். சரியா சார்?

பதில்: வேண்டாம் தம்பி. அது உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத சார்ஜ் வகை சென்சாருக்கு. பெரும்பாலும் கடும் சூட்டில் போடுவது. 180 ஆர்பிஎம் என்றால் 3 ஹெர்ட்ஸ். உங்கள் கண்டிஷனரின் (சென்சாருக்குக் கரண்ட் கொடுத்து சிக்னலைச் சீராக்கும் பெட்டி) கீழ் எல்லை எத்தனை ஹெர்ட்ஸ்? 0.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கவேண்டும். அந்த வேகத்தில் ஜி (அதிர்வின் முடுக்கம்) மிகக் குறைவு, அதனால் சிக்னலைப் பெருக்க 10 மடங்கு கெயினும் இருக்கட்டும். காசு போடுமுன் மல்டிமீட்டரில் பயஸ் (சென்சார் லைனில் நிற்கும் டிசி வோல்ட்) பாருங்கள்: 8 முதல் 12 வோல்ட் என்றால் நலம், 24 ஒட்டி நின்றால் கேபிள் அறுந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் ஷார்ட்.

இன்னொருவர்: 50 ஹெர்ட்ஸுக்கு கேபிளோட ஷீல்டை (உள்ளே சுத்தியிருக்கிற உலோக உறை) பாருங்க. இரண்டு முனையும் எர்த் ஆனா இப்படித்தான் வரும்.

கேட்டவர்: காலையில் ஏறிப் பார்த்தேன். பயஸ் 11 வோல்ட். ஜங்ஷன் பாக்ஸில் ஷீல்டு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது; விலக்கி டேப் சுற்றியதும் 50 ஹெர்ட்ஸ் அடங்கிவிட்டது. கண்டிஷனர் லேபிளில் 10 ஹெர்ட்ஸ் முதல் என்று இருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும். ரொம்ப நன்றி சார்.