புதுப்பிப்பு: பலகை இணைப்பில் தடம் புரளும் ரயில்

பினாங்கு வீட்டில் ஒழுங்காக ஓடிய என் எச்ஓ (1:87 அளவு) மாதிரி ரயில் அமைப்பு, ஏசி மண்டபத்தில் இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மட்டும் ஏன் தடம் புரள்கிறது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

தண்டவாளத்தின் மேல் பழி இல்லை. ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தண்டவாளம் 10 டிகிரி குளிர்ந்தால் 0.2 மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. கோளாறு மரத்தில்தான்: நம்மூர் ஈரக்காற்றில் உப்பிய பிளைவுட், ஏசியில் காய்ந்து கோணுகிறது. மேற்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். அடிப்பக்கம், வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம்.

இணைப்பில் பலகை ஓரமாகச் செம்புப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டுத் துண்டுகளைத் திருகி, தண்டவாளத்தை அவற்றின்மேல் சால்டர் செய்ய வேண்டும். அதற்குமுன் துண்டின் நடுவே செம்பை அரத்தால் கீறிப் பிரிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிவிடும். பலகைகள் நேராகச் சேரப் பித்தளை ஊசியும் குழியும் பொருத்தி, பலகைகளைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே தண்டவாளத்தை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். தனித்தனியாக வெட்டிப் பொருத்தினால் 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதை ஒருபோதும் நேர்கோட்டில் உட்காராது.

ரயிலை ஓட்டுவதற்கு முந்தின நாளே பலகைகளை மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்து, மறுநாள் காலையில் மட்டம் பாருங்கள்.