ரெண்டடி உப்புத்தண்ணீர்த் தொட்டி: இந்தப் பட்டியலில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, இந்த வருடம்தான் கடல்மீன் தொட்டி வைத்தோம். நீளம் 24 அங்குலம், அகலமும் உயரமும் 18. பாறை, மணல் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து அடர்த்தியை 1.025-இல் வைத்திருக்கிறேன். மீன் எதுவும் விடவில்லை. மீன் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா முதலில் வளரட்டும் என்று, சந்தையில் வாங்கிய ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டு ஐந்து வாரம் ஓட்டியாயிற்று. மீனுக்கு விஷமான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பத்து நாளாகப் பூஜ்யம்.

கடைக்காரர் எழுதிக்கொடுத்தது: கிளவுன் 2, நீல டாம்சல் 3, ராயல் கிராமா 1, ஃபயர்ஃபிஷ் 2, மாண்டரின் 1. எல்லாமே குட்டி மீன், சண்டை வராது என்கிறார். வேண்டுமானால் கடல்குதிரையும் வரவழைத்துத் தருவாராம். ஒன்பது மீன் எனக்கே அதிகமாகப் படுகிறது. மகள் ஒன்பதுக்கும் பெயர் வைத்துவிட்டாள். கொண்டுவந்த பிறகு ஒவ்வொன்றாகச் செத்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துநகரான், முலுண்ட்:

வணக்கம் அம்மா. இறாலைப் போட்டு ஐந்து வாரம் காத்திருந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். என் ஊர் தூத்துக்குடி. முலுண்டில் வீட்டில் 12 வருடமாகக் கடல்மீன் வளர்க்கிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் டாம்சலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது லேசில் சாகாத மீன், அதனால்தான் புதிதாக வருபவர்கள் தலையில் கட்டுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் ஒரு கடையில் டோமினோ டாம்சல் கொடுத்தார்கள். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு, கட்டைவிரல் நகம் அளவு, பார்க்க அவ்வளவு அழகு. ஆறு மாதத்தில் தொட்டி முழுக்க அதன் ராஜ்ஜியம். அப்புறம் விட்ட இரண்டு கிளவுனும் பம்புக்குப் பின்னால் மூலையில் ஒண்டிக்கொண்டு, சாப்பாடு போட்டால்கூட வெளியே வராது. சின்னதின் வால் துடுப்பு நூல் நூலாகக் கிழிந்திருந்தது. டோமினோவைப் பிடிக்க வலையை விட்டால் பாறை இடுக்குக்குள் போய்விடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை எல்லாம் வாளி வாளியாக எடுத்து, பாறைகளைக் கல் கல்லாக வெளியே வைத்துத்தான் பிடித்தேன். அது 12 செ.மீ. வரை வளரும் மீன் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீல டாம்சல் அவ்வளவு பெரிதாகாது, ஆனால் குணம் அதே ஜாதி. 100 லிட்டரில் மூன்று விட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

அடுத்தது ராயல் கிராமா. இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். கிராமா கரீபியன் கடல் மீன், இங்கே வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடும். இந்தோ-பசிபிக் பகுதியில் அதே மாதிரி முன்பக்கம் கத்திரிப்பூ நிறம், பின்பக்கம் மஞ்சள் என்று டாட்டிபேக் வகை மீன் ஒன்று உண்டு. பல கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். கிராமா சாது, டாட்டிபேக் முரடு, அதுவும் சின்னத் தொட்டியில் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் கிராமா. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் மஞ்சள் பொடி தூவின மாதிரி புள்ளி புள்ளியாகக் கலந்திருக்கும். டாட்டிபேக்குக்குப் பொட்டு கிடையாது, நிறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மாறும்.

மாண்டரின் வேண்டவே வேண்டாம். பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளைப் பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. பட்டினியில் வயிறு ஒட்டிப் போவதை உங்கள் மகள் பார்க்க வேண்டியிருக்கும். கடல்குதிரை 2001 முதலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பவளமும் அப்படித்தான். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கிளவுன் தாராளமாக வைக்கலாம். ஆசெல்லாரிஸ் வகையா என்று கேட்டு வாங்குங்கள், அது 8, 9 செ.மீ.யோடு நின்றுவிடும். நம் பக்கத்துக் கடலில் கிடைக்கும் சீபே கிளவுன் விலை குறைவு, ஆனால் 15 செ.மீ. அளவுக்கு வளரும், உங்கள் தொட்டி தாங்காது. பண்ணையில் பொரித்த குஞ்சு கிடைத்தால் அதையே எடுங்கள், காய்ந்த தீனிக்குப் பழகியிருக்கும். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகப் பார்த்து வாங்க வேண்டும். கிளவுன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். ஜோடியில் ஆதிக்கம் செய்வது பெண்ணாக மாறும். இரண்டும் சம அளவாக இருந்தால் யார் பெரியவர் என்று முடிவாகும்வரை அடிதடிதான்.

ஆக, கிளவுன் 2, கிராமா 1, ஃபயர்ஃபிஷ் 1. இரண்டு ஃபயர்ஃபிஷ் என்பது ஜோடி சேர்ந்ததாக இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று விரட்டும். பயந்த சுபாவம் உள்ளதை முதலில் விடுங்கள்: ஃபயர்ஃபிஷ், மூன்று வாரம் கழித்து கிராமா, கிளவுன் கடைசியில். முதலில் வந்தவருக்குத்தான் வீடு சொந்தம் என்பது மீனுக்கும் பொருந்தும். முடிந்தால் ஒவ்வொன்றையும் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் மூன்று, நான்கு வாரம் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று தெரிந்த பிறகு விடுங்கள்.

டோம்பிவிலி அகிலா:

அக்கா, அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. ஃபயர்ஃபிஷ் வாங்குவதற்கு முன்னால் மூடி செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மூடி இருந்தது, பம்ப் ஒயர் போவதற்காக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து விட்டிருந்தோம். ஃபயர்ஃபிஷ் அது வழியாகத் துள்ளி வெளியே விழுந்து, காலையில் பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. ஜன்னலுக்குப் போடும் நைலான் வலையை அலுமினியச் சட்டத்தில் அடித்து, ஒயர் இருக்கும் இடத்தையும் அடைத்துவிடுங்கள்.

மணல் இரண்டு அங்குலம் இருந்தால் மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்ற மீன் ஒன்றும், பிஸ்டல் இறால் ஒன்றும் சேர்த்து விடலாம். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளி வளை தோண்டும், கோபி வாசலில் காவல் இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறாலின் ஒரு மீசை கோபியின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு உதறு உதறும், இரண்டும் உள்ளே. என் பையன் ஹோம்வொர்க்கை அந்தத் தொட்டி முன்னால்தான் எழுதுவான்.

செம்பூர்க்காரி:

இரண்டு பேருக்கும் மனதார நன்றி. நேற்று மகளோடு கடைக்குப் போனேன். கிராமா என்று காட்டின மீனுக்கு முன்னால் குனிந்து பார்த்தவள், "அம்மா, பொட்டு இல்லை" என்றாள். கோடு போட்ட மாதிரிதான் நிறம் மாறியது. வாங்காமல் வந்துவிட்டோம். மாண்டரின் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் அழுதாள், கோபியும் இறாலும் என்றதும் சமாதானம் ஆனாள். வலை மூடி செய்யச் சொல்லியாயிற்று.

இன்னொரு சந்தேகம். இப்போதே தண்ணீர் 29 டிகிரி காட்டுகிறது. மே மாதம் என்ன செய்வது? தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கட்டாயமா?

முத்துநகரான், முலுண்ட்:

குழந்தைக்கு என் வாழ்த்துச் சொல்லுங்கள் அம்மா, நல்ல கண்.

26-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. தண்ணீர் மட்டத்தின் மேல் காற்று படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஜூன் பிறந்து மழை ஈரம் வந்துவிட்டால் தண்ணீர் ஆவியாகாது, ஃபேன் பெரிதாக உதவாது. 30-ஐத் தாண்டியே நின்றால் சில்லருக்குப் பணம் ஒதுக்குங்கள். ஃபேன் ஓடும்போது தினமும் ஒரு லிட்டருக்கு மேலேயே வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடு செய்ய ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராகவே இருக்கட்டும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டு, காலையில் அந்தக் கோடுவரை ஊற்றும் வேலையை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.