ஊரடங்கும் என் சாப்பாடும்: ஒரு புதுப்பிப்பு

2020 மார்ச் 20 இலங்கையில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட பிறகு மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு அடைபட்டு, பகல் முழுக்கப் பட்டினியும் இரவில் கட்டுப்பாடில்லாமல் அள்ளித் தின்பதுமாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி, இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926-க்கு போன் எடுத்தேன். அப்புறம் ஒரு டொக்டர் போனிலேயே விளங்கப்படுத்தினார்: பகல் பட்டினிதான் இரவு வெறியைக் கிளப்புகிறது, அதனால் முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாட்டை விடக்கூடாது, மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஏதாவது சாப்பிட வேண்டும். கேட்க லேசு. பிட்டும் சொதியும் முன்னால் வந்தால் கை இன்னும் நடுங்குகிறது, தேங்காய்ப்பூவை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறேன், ஆனாலும் சாப்பிட்டு முடிக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "மெலிஞ்சிட்டாய், கொழுத்திட்டாய்" கதை இப்போது வீட்டில் இல்லை, அதுவே எனக்குப் பெரிய உதவி. சாப்பிட்டு முடித்த பிறகு வரும் அரை மணித்தியாலம்தான் பொல்லாதது. அந்த நேரம் மச்சாள் கேரம் போர்டோடு வந்து இருந்துவிடுவாள்.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு: மயக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தால் யோசிக்காமல் 1990-க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை.