குழு மின்னஞ்சலில் முகவரிகளை மறைத்து அனுப்ப நம்பகமான வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நாள்பட்ட நோயுடன் வாழ்வோருக்கான ஓர் ஆதரவுக் குழுவின் அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை எல்லா முகவரிகளும் பெறுநர் கட்டத்திலேயே இடப்பட்டு வந்ததால், கடிதத்தைத் திறப்பவர் எவருக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும், அதன் வழியே யாருக்கு அந்த நோய் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. பல முகவரிகளில் முழுப்பெயரும், சிலவற்றில் பணிபுரியும் நிறுவனத்தின் பெயரும்கூட அடங்கியிருக்கின்றன.

முகவரிகளை பிசிசி (மற்ற பெறுநர்களுக்குத் தெரியாமல் நகல் அனுப்பும்) கட்டத்தில் இட்டு, பெறுநர் கட்டத்தில் என் முகவரியை மட்டும் வைத்தால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது என்பதையும், ‘அனைவருக்கும் பதில்’ அழுத்தினாலும் அது எனக்கு மட்டுமே வரும் என்பதையும் அறிவேன். ஆனால் அது முழுக்க முழுக்க அனுப்புபவரின் கவனத்தை நம்பிய முறை. கட்டம் மாறி ஒட்டிவிட்டால், ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய அதிகபட்சம் 30 வினாடிகளே கிடைக்கும்.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்பக்கூடிய, முகவரிப் பட்டியலை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றத் தேவையில்லாத மெயில் மெர்ஜ் கருவி ஏதேனும் உண்டா? தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளில் இதற்கான நீட்சிகளை (கூடுதலாகச் சேர்க்கும் வசதிகளை) பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நல்லது. மேலும், பழைய கடிதங்களை அழித்துவிடுமாறு உறுப்பினர்களை, வீண் பதற்றம் உண்டாக்காமல், எந்த வாசகத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்பதற்கும் யோசனை கூறுங்கள். உண்மையில் எனக்குக் கடினமாகத் தோன்றுவது அதுதான்.