தமிழ் எழுத்தை எண்ணும் ஹாஸ்கெல் நிரல் மெமரியைத் தின்கிறது: தப்பு யார் மேல்?

எழுத்தெண்ணி:
100 எம்பி அளவுள்ள தமிழ் உரைக் கோப்பு ஒன்று இருக்கிறது. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். ரீட்ஃபைல் வைத்துப் படித்து, ஃபோல்ட்எல் ப்ரைம் (பட்டியலைக் கடக்கும்போதே ஒவ்வொரு படியையும் கணக்கிடும் ஃபங்ஷன்) போட்டு, டேட்டா.மேப்பில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் அட்டவணை) இன்சர்ட்வித் கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன். கடைசியில் மொத்தம் எத்தனை என்று பார்க்க அதே உரைக்கு லெங்த் போடுகிறேன். 8 ஜிபி லேப்டாப் மூச்சுத் திணறுகிறது. ப்ரைம் போட்டால் மெமரி பிரச்சினை வராது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இன்னொன்று, விடையை பிரிண்ட் செய்தால் தமிழுக்குப் பதிலாக 2980, 2990 என்று எண்களாக வருகின்றன. "தமிழ்" என்ற சொல்லுக்கு 5 எழுத்து என்றும் சொல்கிறது.

பழையசிபிபிகாரன்:
முதலில் ஸ்ட்ரிங்கைத் தூக்கி எறியுங்கள். ஹாஸ்கெலில் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் லிங்க்டு லிஸ்ட், அவ்வளவுதான். 64 பிட் கணினியில் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட். ஆங்கில எழுத்தென்றால் ஜிஹெச்சி (ஹாஸ்கெலின் கம்பைலர்) முன்கூட்டியே செய்து வைத்த ஒரே பிரதியை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை, எழுத்துக்குத் தனியாக இன்னும் 16 பைட். ஆக ஒரு யூனிகோட் குறியீட்டுக்கு 40 பைட். டெக்ஸ்ட் லைப்ரரியில் அதே குறியீடு 3 பைட்டில் முடிந்துவிடும். அப்படியே கோப்பின் தலையில் ஸ்ட்ரிக்ட் என்ற எக்ஸ்டென்ஷனையும் போடுங்கள், 2016-இல் வந்த ஜிஹெச்சி 8.0 முதலே இருக்கிறது. எதையும் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுவதை (லேசி என்பது இதுதான்) இயல்பாக வைத்த மொழியில் இப்படித்தான் நடக்கும்.

கம்பைலர்தாசன்:
40 பைட் கணக்கு சரி. ஆனால் ரீட்ஃபைல் மொத்தக் கோப்பையும் ஒரே மூச்சில் ஏற்றாது. கேட்கக் கேட்கத்தான் படிக்கும். ஒருமுறை மட்டும் கடந்து போனால் பின்னால் விட்ட கண்ணிகளை கார்பேஜ் கலெக்டர் (வேண்டாத மெமரியை விடுவிக்கும் பகுதி) அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே அள்ள முடியாததற்குக் காரணம் அந்தக் கடைசி லெங்த். அதே பட்டியல் பிறகும் வேண்டும் என்று நிரல் பிடித்து வைத்திருக்கிறது. மூன்றரைக் கோடிக் குறியீடு என்று வைத்தால் அதற்கே 1.4 ஜிபி, கலெக்டர் நகலெடுக்கும்போது அது போல் இன்னொரு பங்கு. லெங்த்தை எடுத்துவிட்டு மேப்பில் உள்ள எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள், மொத்தம் வந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். ப்ரைம் என்ன செய்கிறது? ஒவ்வொரு படியிலும் மேப்பின் வெளிக்கூட்டை மட்டும் கணக்கிட வைக்கிறது. உள்ளே இருக்கும் மதிப்பைத் தொடுவதில்லை. எனவே "அ"வின் எண்ணிக்கை 40,000 என்று இருக்காது. ஒன்றோடு ஒன்று, அதோடு ஒன்று என்று தங்க்குகளின் (கணக்கிடாமல் ஒத்திப்போட்டவற்றின்) சங்கிலியாகத் தொங்கும். டேட்டா.மேப்பை இறக்குமதி செய்யும் வரியில் டேட்டா.மேப்.ஸ்ட்ரிக்ட் என்று மாற்றுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

சிபிபிகாரரே, நீங்கள் சொன்ன எக்ஸ்டென்ஷன் இங்கே உதவாது. அது அந்தக் கோப்பில் நாம் எழுதும் பெயர்களைத்தான் கணக்கிட வைக்கும். தங்க் உருவாவது லைப்ரரிக்குள் இருக்கும் இன்சர்ட்வித்தில்.

பழையசிபிபிகாரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! இரண்டு மாட்யூல், இரண்டிலும் அதே இன்சர்ட்வித், அதே டைப். எதை இறக்குமதி செய்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. "டைப் பார்த்தாலே எல்லாம் தெரியும்" என்று பெருமை பேசும் மொழியில், மெமரி வெடிக்குமா வெடிக்காதா என்பது மட்டும் டைப்பில் தெரியாது. வெடிக்கும்போதாவது சீக்கிரம் வெடிக்குமா? அதுவும் இல்லை. ஜிஹெச்சியில் ஸ்டாக்கின் (முடியாத கணக்குகள் காத்திருக்கும் மெமரிப் பகுதியின்) உச்சவரம்பு இயல்பாகவே கணினி மெமரியில் 80 சதவீதம். பிழைச்செய்தி வருவதற்குள் மவுஸ் உறைந்துவிடும். ஃபோல்ட்எல் ப்ரைமை ப்ரிலூடில் (இறக்குமதி செய்யாமலே கிடைக்கும் மாட்யூல்) சேர்ப்பதற்கே 2024-இல் வந்த 9.10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாஸ்கெலைப் பார்த்துப் பிறந்த ப்யூர்ஸ்கிரிப்ட்டும் இட்ரிஸும் ஏன் லேசியைக் கைவிட்டன என்று நினைக்கிறீர்கள்?

கம்பைலர்தாசன்:
80 சதவீதம் பிடிக்கவில்லையா, ஓட்டும்போது ஆர்டிஎஸ் (ஓடும் நிரலை நிர்வகிக்கும் பகுதி) விருப்பத்தில் ஸ்டாக்கை 1 எம்பி என்று கட்டுப்படுத்துங்கள். இப்படிச் சங்கிலி கட்டும் நிரல்கள் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதே ஆர்டிஎஸ் விருப்பத்தில் சிறிய எஸ் போட்டு ஓட்டினால் அதிகபட்சம் எவ்வளவு மெமரி உயிரோடு இருந்தது என்று கடைசியில் அச்சிடும். இதையெல்லாம் பார்க்காமல் மொழியைத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

லேசி எதற்கு என்கிறீர்களே, எழுத்தெண்ணியின் 5 எழுத்துப் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடில் 5 குறியீடு. லெங்த் அதைத்தான் எண்ணும். நமக்கு வேண்டியது த, மி, ழ் என்ற மூன்று. டேட்டா.கேரில் இஸ்மார்க் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கொக்கி, கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லும். அடுத்தடுத்த உறுப்புகளைக் குழுவாக்கும் குரூப்பையில் முதல் உறுப்பைக் கண்டுகொள்ளாமல் இரண்டாவதுக்கு மட்டும் இஸ்மார்க் கேளுங்கள். ஒரே வரி. பட்டியல் லேசியாக இருப்பதால் 100 எம்பி கோப்பும் துளித்துளியாக அதன் வழியே போகும், இடையில் எந்தப் பெரிய பட்டியலும் நிற்காது. ஆய்தம் தனி எழுத்தாகவே வரும், பயம் வேண்டாம். "க்ஷ" மட்டும் க், ஷ என்று இரண்டாகும். அதை என்ன செய்வதென்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஹாஸ்கெலை உருவாக்கியவர்களே 2007-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் லேசியாக இருந்ததால்தான் மொழி தூய்மையாக (ஃபங்ஷன்களுக்குப் பக்கவிளைவு இல்லாமல்) இருக்க நேர்ந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பழையசிபிபிகாரன்:
துளித்துளியாகப் போவதற்கு மொழி முழுக்க லேசியாக இருக்க வேண்டியதில்லை. ரஸ்ட் மொழியின் இட்டரேட்டர் அதே வேலையைச் செய்கிறது. தூய்மை கிடைத்துவிட்டது, சந்தோஷம். அதற்கான விலையை இன்னும் கேள்வி கேட்கும் புதியவர்கள்தான் கட்டுகிறார்கள். நான் டெக்ஸ்ட் என்றே நிற்கிறேன். அதிலும் குரூப்பை உண்டு.

திண்ணைவாசி:
இரண்டு பேரும் கொஞ்சம் இளைப்பாறுங்கள். டெக்ஸ்டுக்குப் போனால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. டெக்ஸ்டை வெட்டினால் நகல் எடுக்காது. பழைய அரேயின் மேலேயே ஒரு சன்னல் திறக்கும். "மி" என்ற துண்டை மேப்பில் சாவியாக வைத்தால், அந்தச் சின்னத் துண்டு 100 எம்பி அரே முழுவதையும் பிடித்து வைத்திருக்கும். எண்ணி முடித்த பிறகும் விடாது. மேப்புக்குள் போகும் முன் டெக்ஸ்டின் காப்பி ஃபங்ஷனைப் போடுங்கள். இது லேசியால் வந்ததும் இல்லை, சிபிபிகாரரின் ஊரிலும் ஸ்ட்ரிங் வியூவில் இதன் தம்பி ஒன்று உண்டு.

3 பைட் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்ஸ்ட் 2.0-க்கு முன் உள்ளே யூடிஎஃப்-16 (யூனிகோடை பைட்டாக்கும் ஒரு முறை) இருந்தது, தமிழுக்கு 2 பைட். இப்போது யூடிஎஃப்-8 என்பதால் 3. கோப்பைப் படிக்கும்போது மாற்றும் வேலை குறைந்தது என்பது உண்மை, ஆனால் இடம் மிச்சமானது ஆங்கிலக்காரர்களுக்குத்தான்.

பிரிண்ட் விஷயத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே! பிரிண்ட் உள்ளுக்குள் ஷோவைக் கூப்பிடும். ஷோ ஆஸ்கிக்கு வெளியே உள்ள எதையும் எண்ணாக்கிவிடும். 2980 என்றால் த, 2990 என்றால் ம. புட்ஸ்ட்ரிங்லைன் போட்டால் தமிழாகவே வரும். டாக்கருக்குள் (நிரலைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஓட்டினால் அங்கே லொக்கேல் (மொழி, குறியாக்க அமைப்பு) பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்காது. அப்போது தமிழ் வந்ததும் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். மெயினின் முதல் வரியிலேயே செட்லொக்கேல்என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வையுங்கள்.

எழுத்தெண்ணி:
எல்லோருக்கும் நன்றி. இறக்குமதி வரியை மாற்றி, லெங்த்தை எடுத்ததும் ஸ்ட்ரிங்கிலேயே சில எம்பிக்குள் ஓடிவிட்டது, டெக்ஸ்ட் பக்கம் இன்னும் போகவில்லை. எழுத்தும் மூன்றாக எண்ணுகிறது. ஆனால் பட்டியலில் "கொ" இரண்டு தடவை, வெவ்வேறு எண்ணிக்கையோடு வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கம்பைலர்தாசன்:
ஒரு "கொ"வில் ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கிறது, மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கின்றன. கோப்பு பல இடங்களிலிருந்து சேர்த்ததாக இருக்கும். எண்ணும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் செய்யுங்கள், யூனிகோட்-ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற பேக்கேஜில் இருக்கிறது.

பழையசிபிபிகாரன்:
அந்தப் பேக்கேஜ் உள்ளீடாக வாங்குவது டெக்ஸ்டைத்தான், ஸ்ட்ரிங்கை அல்ல. கடைசியில் என் பக்கம்தான் வர வேண்டியிருக்கிறது. வரும்போது திண்ணைவாசி சொன்ன காப்பியை மறக்க வேண்டாம். அப்புறம், ஔகாரத்தை "ஒ"வும் "ள"வுமாகத் தட்டச்சு செய்தவர்களின் வரிகளை எந்த நார்மலைஸும் சரிசெய்யாது. அதற்குத் தனியாகச் சொற்பட்டியல் வைத்துத்தான் தேட வேண்டும்.